மூன்றாவது குவியல்

கலைச்செல்வன், வயது இருபத்தாறு, இருப்பது கத்தாரில், தோஹாவிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் உள்ள கேம்ப்பில், ஆறு பேர் அறையில் மேல்கட்டில். சொந்த ஊர், உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகும் ரோட்டில் இறங்கி ஒரு மைல் உள்ளே நடந்தால் வரும். ஏசி காற்றுக்குழாய் மாட்டும் வேலை. நாள் முழுக்கத் தகடு பிடித்த விரல்களுக்கு எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டப் பொறுமை இருக்காது. குடும்ப குரூப்பில் எது போடுவதானாலும் போனை வாய்க்கு நேராகப் பிடித்துப் பேசிவிடுவான், அது எழுதிக்கொள்ளும். இந்தத் தடவை பேசுவதற்கு நிறைய இருந்தது. எல்லாம் அவனுடைய அப்பா பஞ்சாட்சரத்தின் நெல்லால் வந்தது.

நவரைப் பட்டம், இரண்டு ஏக்கர். அறுத்து அடித்து, பால் சொசைட்டிக்குப் பின்னால் இருக்கும் களத்தில் கொட்டியாகிவிட்டது. வருஷா வருஷம் அரசாங்கம் நெல் எடுக்கும் செண்டரை அங்கேதான் போடுவார்கள். அங்கே டோக்கன் கீக்கன் எதுவும் கிடையாது. முதலில் கொண்டுவந்தவர் தகரக் கொட்டகையை ஒட்டிக் கொட்டுவார், அடுத்தவர் அவருக்குப் பக்கத்தில். குவியல் கிடக்கும் இடம்தான் வரிசை. தலைமுறையாகப் பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள்கூட அந்த வரிசையில் கை வைக்கமாட்டார்கள். பச்சமுத்து முதல், சுலோச்சனா இரண்டாவது, பஞ்சாட்சரம் மூன்றாவது. செண்டர் திறந்த அன்றைக்கே எடை ஏறிவிடும் இடம் அது. பின்னால் பதினாறு குவியல்கள் இருந்தன. களத்தின் கோடி தாழ்வு, மழை வந்தால் வாய்க்கால் நீர் அங்கேதான் வந்து நிற்கும்.

ஆனால் செண்டர் திறக்கவில்லை. எம்.பி. எலெக்ஷன் வேலையில் எல்லாரும் போய்விட்டார்களாம், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் தினகரன் போன் செய்தான். கலைச்செல்வனோடு பத்தாவது வரை ஒரே பெஞ்ச். இப்போது தையல் மெஷின் சின்னத்துக் கட்சியில் இளைஞர் அணிப் பொறுப்பு.

"மச்சான், நாளைக்கு நம்ம வேட்பாளர் வராரு. களத்துலதான் மீட்டிங்கு. நெல்லு வெல பத்திதான் பேசப்போறாரு."

"பேசட்டும். அதுக்கு எனக்கு இன்னாத்துக்குடா போனு?"

"குவியல எல்லாம் ரோட்டோரமா தள்ளிக்கணும்டா. எல்லாரும் ஒத்துக்கினாங்க. உங்க நைனாதான் மொறச்சிக்கினு கீறாரு. ரெண்டு மணி நேரம்தான். அவங்கவங்க எடத்துல ஒரு கல்ல வெச்சிட்டு போவட்டும். மீட்டிங் முடிஞ்சதும் நானே ஆள வுட்டு அதே எடத்துல கொட்டித் தரேன். எம்மேல நம்பிக்க இல்லியா?"

கலைச்செல்வன் உடனே வீட்டுக்குப் போன் போட்டான். பஞ்சாட்சரம் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார்.

"நெல்லப் பத்திப் பேசறதுக்கு நெல்லத் தூக்கச் சொல்றானுங்களே, இது எந்தூரு நாயம்டா?"

"வுடு நைனா. தினகரன் நம்ம பையன். ஊரே ஒத்துக்கினப்புறம் நீ மட்டும் எதுக்கு பேஜார் பண்ணிக்கினு? நானும் அங்க இல்ல. கல்ல வெச்சிட்டு தள்ளிக்க."

அப்பா, "சரி, நீ சொல்ற" என்றார். அந்த மூன்று வார்த்தையைத்தான் கலைச்செல்வனால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

கத்தாரில் வெள்ளிக்கிழமை லீவு நாள். கட்சியின் ஃபேஸ்புக் பக்கத்தில் மீட்டிங்கை லைவ் போட்டிருந்தார்கள். கீழ்க்கட்டில் லுக்மான், வாலாஜாபாத் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வேட்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"குடவோலை கண்ட உத்திரமேரூர் மண்ணை வணங்கி..."

"அத்த சொல்லாம இங்க எவனுக்கும் தொண்ட தொறக்காது" என்றான் லுக்மான்.

குவிண்டாலுக்கு மூவாயிரத்து இருநூறு என்றார் வேட்பாளர். இப்போது பதினேழு சதவீத ஈரம் தாண்டினால் நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்களே, நாங்கள் டெல்லிக்குப் போனால் இருபது வரைக்கும் எடுக்க வைப்போம் என்றார். கைதட்டல். அவர் நின்ற மேடை பச்சமுத்து, சுலோச்சனா, பஞ்சாட்சரம் மூவரின் இடத்துக்கு மேல் இருந்தது. கலைச்செல்வன் பேச்சைக் கேட்கவே இல்லை. கல்லைத் தேடினான்.

கேமரா கூட்டத்தைக் காட்டி, பெண்களைக் காட்டி, பந்தல் ஓரமாகத் திரும்பியது. ஆளுயர பிளெக்ஸ் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் காலடியில் முட்டுக் கொடுத்து நாலைந்து கல். ஒன்றில் நீலப் பெயின்டில் 'பஞ்சா' என்று எழுதியிருந்தது. தங்கச்சி கீர்த்தியின் கையெழுத்து.

"டேய், அது எங்க கல்லுடா! எங்க கல்லு!" அவன் போனைப் பார்த்துக் கத்தினான். அடுத்த கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த நேபாளக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பத்தொன்பது கல்லும் போயிருந்தன. மேடை போட வந்த ஆட்களுக்குக் களத்தில் வரிசையாகக் கல் கிடக்கிறது, அவ்வளவுதான். பந்தல் கயிற்றுக்குக் கொஞ்சம், ஸ்பீக்கர் பெட்டிக்குக் கொஞ்சம், பிளெக்ஸுக்குக் கொஞ்சம் என்று பொறுக்கிக்கொண்டார்கள். கூட்டம் கலைந்ததும் யாருடைய இடம் எது என்பதற்குச் சாட்சியே இல்லை. டிராக்டர் வைத்திருந்தவர்கள் விர்ரென்று வந்து முன்னால் கொட்டிவிட்டார்கள். பச்சமுத்து மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தரை அடிக்கப் போனார். சுலோச்சனா களத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதார். பஞ்சாட்சரமும் கீர்த்தியும் சாக்குச் சாக்காக முதுகில் சுமந்து வந்து சேர்ந்தபோது கோடியில்தான் இடம் இருந்தது. பத்தொன்பதாவது.

தினகரன் அனுப்புவதாகச் சொன்ன ஆட்கள் அடுத்த ஊர் மீட்டிங்குக்கு லாரி ஏறிவிட்டார்கள். கலைச்செல்வன் பதினொரு தடவை போன் அடித்தான், பன்னிரண்டாவது தடவைதான் அவன் எடுத்தான்.

"மச்சான், சவுண்டு சர்வீஸ்காரன் பண்ண வேலைக்கு கட்சி இன்னாடா பண்ணும்? கோச்சிக்காத. நாங்க வந்தா ஆன்லைன் டோக்கனே போடப்போறோம். தேர்தல் அறிக்கையில கீது, பக்கம் நாப்பத்தொண்ணு."

"பக்கம் நாப்பத்தொண்ணுல எங்கப்பன் குவியலு எத்தினியாவது எடத்துலடா கீது?"

லைன் கட்டாகிவிட்டது. கட் செய்தது யார் என்று இருவருக்கும் தெரியும்.

"எங்க தெருவுலயும் இதே கதைதான்" என்றான் லுக்மான். "சின்னக் கடைக்காரனுக்கு ஜிஎஸ்டிய பாதியாக்குறேன்னு ஒருத்தன் வந்தான். மறுநாளு இன்னொருத்தன் வந்து காவாசியாக்குறேன்றான். ஏலம் வுட்டுக்கினு கீறானுங்க. எங்க வாப்பா சொல்றாரு, இன்னும் ரெண்டு நாளு போனா நமக்கே திருப்பித் தருவான் போலக் கீதேன்னு."

கலைச்செல்வனுக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிறு மதியம் என்ற இடத்தில் ஒரு மேகம், அதன் கீழே மூன்று சொட்டு. மூடிவிட்டுத் திறந்தான். அதே மூன்று சொட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்வெட்டி சின்னத்துக் கட்சி வந்தது. இவர்கள் யாரையும் நகரச் சொல்லவில்லை. நெல்லுக்குப் பக்கத்தில் நின்றால்தான் படம் நன்றாக வரும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரோட்டை ஒட்டி, கோடியில், தார்ப்பாய் போர்த்திக் கிடந்த பஞ்சாட்சரத்தின் குவியலே அவர்களுக்குத் தோதாக இருந்தது. இரண்டு பேர் தார்ப்பாயை உருவினார்கள்.

கத்தாரில் ஞாயிறு வேலை நாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் கீர்த்தி அனுப்பிய வீடியோவை அவனும் லுக்மானும் பார்த்தார்கள். வேட்பாளர் குனிந்து ஒரு கை நெல்லை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டார். போட்டோகிராபர், "சார், இன்னொரு தபா" என்றார். இன்னொரு தபா அள்ளினார். பிறகு மைக்கில், நேற்று முந்தாநாள் இங்கே வந்து இருபது என்றவர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள், நாங்கள் இருபத்திரண்டு சதவீதம் வரை எடுப்போம், விலை மூவாயிரத்து ஐந்நூறு என்றார்.

"ஈரம் ஏறிக்கினே போவுது பாரு" என்றான் லுக்மான்.

வேட்பாளர் பஞ்சாட்சரத்தின் தோளில் கை போட்டார். "பெரியவரே, நீங்க சொல்லுங்க. உங்க கஷ்டத்த சொல்லுங்க." மைக் அவர் வாய்க்கு நேராக வந்தது. மைக்கில் அப்பாவின் குரலைக் கலைச்செல்வன் அதுவரை கேட்டதில்லை.

"அய்யா, இத்தினி சொல்றீங்கோ. எப்பலேர்ந்து?"

"ஆட்சிக்கு வந்த மறுநாளே!"

"அது ஜூன் மாசமாச்சே. இன்னிக்கு மத்தியானம் மழைன்றான். கோச்சிக்காம, படம் எடுத்துட்டீங்கன்னா அந்த தார்ப்பாய மூடிக்கட்டுமா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. வேட்பாளரும் சிரித்தார். மைக் நகர்ந்து போனது. வீடியோ அங்கேயே முடிந்துவிட்டது.

மற்றதைக் கீர்த்தி போனில் சொன்னாள். தூறல் விழுந்ததும் சவுண்டு சர்வீஸ்காரர்கள் ஸ்பீக்கர் நனைகிறது என்று கைக்குக் கிடைத்ததைப் போர்த்தி வண்டியில் ஏற்றினார்கள். கைக்குக் கிடைத்தது பஞ்சாட்சரத்தின் தார்ப்பாய். அவர் வண்டிக்குப் பின்னால் சொசைட்டியைத் தாண்டியும் ஓடினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"நைனா திரும்பி வந்து நெல்லு மேலயே குப்புற படுத்துட்டாருண்ணா. கைய விரிச்சிக்கினு. எழுப்பவே முடியல."

"நீ ஏதாவது எடுத்தாந்து போடலியாடி?"

"வூட்ல இருந்த பொடவ, போர்வ எல்லாம் போட்டேன். பத்தல. அங்க ஒரு பிளெக்ஸு வுழுந்து கெடந்துச்சி, அத்த இஸ்துக்கினு வந்தேன். நைனா பிச்சித் தூக்கி எறிஞ்சிட்டாரு. அவன் மூஞ்சிய என் நெல்லு மேல போடமாட்டேன்னாரு. மொத தபா அவரு கத்திப் பாக்குறேண்ணா."

திங்கட்கிழமை செண்டர் திறந்தது. முன்னால் இருந்தவர்களின் நெல் எடை ஏறியது. மாலையில் செண்டர் எழுத்தர் கோடிவரை நடந்து வந்து ஈரம் பார்க்கும் மெஷினை நெல்லில் குத்திப் பார்த்தார். இருபத்துநாலு. அவர் கெட்டவர் இல்லை. பதினேழுக்குக் காயவைத்துக் கொண்டுவாருங்கள், வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இந்தக் களம் என்றார். இரண்டு கட்சியும் ஏலம் விட்ட இருபதும் இருபத்திரண்டும் அந்த மெஷினுக்குள் எங்கேயும் இல்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் மழை என்று போன் காட்டியது.

கலைச்செல்வன் அப்பாவுக்குப் போன் போட்டான். "நைனா, நாஞ்சொல்லித்தானே நீ எடத்த வுட்ட" என்று ஆரம்பித்தான்.

"அத்த இன்னாத்துக்கு இப்ப பேசிக்கினு. அடியில இன்னும் முளைக்கல. நாளிக்கு வெயில் அடிச்சா கிளறிப் போட்டுடலாம். நீ சாப்டியா?"

"சாப்ட்டேன்" என்றான். போனை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனான். லுக்மான் பின்னாலேயே வந்து, "குரூப்புல போடு. எங்க வாப்பாவுக்கும் அனுப்பு, கடத்தெரு முழுக்க சுத்த வுடுறேன். கட்சிக்காரன திட்டணும்னா நல்லா திட்டு, நான் இன்னும் ரெண்டு எடுத்துக் குடுக்குறேன்" என்றான்.

திட்டத்தான் ஆரம்பித்தான். தினகரனை, பக்கம் நாற்பத்தொன்றை, இன்னொரு தபா அள்ளிய கையை எல்லாம் பேசினான், போன் எழுதிக்கொண்டே போனது. திரும்பப் படித்துப் பார்த்தான். முழுவதையும் அழித்தான். புதன்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. மறுபடி போனை வாய்க்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துல இத்த யாரு படிச்சாலும் செரி, எந்தக் கட்சியா இருந்தாலும் செரி. வூட்ல கிழியாத தார்ப்பாய் ஒண்ணு இருந்தா வெள்ளிக்கிழம வரைக்கும் எங்க நைனாவுக்குக் குடுங்க. பேரு பஞ்சாட்சரம். பால் சொசைட்டிக்குப் பின்னாடி களத்துல கடைசி குவியலாண்ட கீறாரு. நாளைக்குள்ள குடுங்க."