ஒன்றரை மடங்கு வேகம்

எங்கள் வீட்டில் யாருக்கும் பொறுமை கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அடையாளமாகச் சொல்கிறேன். அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். வண்டி ஒரு நிறுத்தத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. அம்மா வீட்டின் முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். ஒரு தலையை முடிப்பதற்குள் அடுத்த தலைக்குத் தண்ணீர் தெளித்துவிடுவாள். மாடியில் குடியிருக்கும் அத்தை, அப்பாவின் தங்கை, எந்தக் கதையானாலும் முடிவை முதலில் சொல்லச் சொல்வாள். எனக்கு மூக்கின்மேல் கோபம் என்று மருந்துக்கடையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். சொன்னவர்களை நான் சும்மா விட்டதில்லை.

அதனால் எங்கள் வீட்டில் படங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்ப்போம். ரிமோட்டில் அப்படியொரு வசதி இருப்பதை அப்பா எப்போதோ கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அதுவே சட்டம். காதலர்கள் ஓடிவந்தால் பின்னால் நாய் துரத்துகிறதோ என்று தோன்றும். அழுகிறவர்களுக்கு விக்கல் எடுத்த மாதிரி இருக்கும். எங்களுக்கு எல்லாம் பழகிவிட்டது. கல்லூரித் தோழிகளோடு முதன்முதலாகத் தியேட்டருக்குப் போனபோது, கதாநாயகனுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும். யார் முறையோ அவர் தேர்ந்தெடுப்பார். எவ்வளவு மோசமான படமானாலும் மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டலாம், எழுந்து மட்டும் போகக் கூடாது.

இந்தக் குடும்பத்தில் நிதானமாகப் பிறந்தவன் என் தம்பி ஒருவன்தான். அவன் ஒரு க்ளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற முழங்கால்களோடு மாதக்கணக்கில் நயமாகப் பேசி மடக்க வைக்கிற வேலை. அவன் சனிக்கிழமை மாலை மருந்துக்கடைக்கு வந்து, கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றான்.

"அக்கா, நாளைக்கு என் முறை. ரெண்டு ஆம்பளைங்க காதலிக்கிற படம் ஒண்ணு போடப் போறேன்."

"போடு. அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துப் போயிருக்கு?"

"படம் முடிஞ்சதும் என்னைப் பத்தியும் சொல்லிடப் போறேன்."

விஷயம் எனக்கு முன்பே தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற ஒருவன். ஆள் நெட்டை. நான் வைத்த பெயரும் நெட்டைதான். தம்பி அவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகப் பேசுவான். அதை வைத்தே நான் கண்டுபிடித்துவிட்டேன்.

"படம் பாக்கும்போது அவங்க என்ன சொல்றாங்கன்னு பாக்கணும்க்கா. ஒத்து வரலைன்னா அந்த ஆஸ்பத்திரி வேலைக்குச் சரின்னு சொல்லிடுவேன். ரெண்டு பேரும் கிளம்பிடுவோம். திங்கக்கிழமை பதில் சொல்லியாகணும்."

அந்த ஆஸ்பத்திரி இருப்பது வேறொரு ஊரில். போனால் வருஷத்துக்கு ஒருமுறை வருவான், விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவான். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அடுத்து வந்தவரிடம் இருமல் மருந்தை எறியாத குறையாகக் கொடுத்தேன்.

மறுநாள் எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். அத்தை ஒரு கூடை பட்டாணியோடு வந்திருந்தாள். அப்பா வழக்கம்போல ரிமோட்டை எடுத்து வேகத்தை ஏற்றினார். பதற்றத்தில் தம்பி அதைக் கவனிக்கவே இல்லை. வேறு எந்த வீட்டிலும் இப்படியொரு தவறு நடந்திருக்காது.

மழை பெய்கிற சிறிய ஊர். அங்கே ரொட்டிக்கடையில் வேலை செய்கிற ஒருவனும் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவனும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் நிதானமாக, நீண்ட நேரம் பார்க்கிறார்கள் என்பதுதான் படம். எங்கள் வீட்டு வேகத்தில் அவர்கள் பல்லிகளைப் போலச் சடக்குச் சடக்கென்று திரும்பிக்கொண்டார்கள்.

"கொலை நடக்கப் போகுது," என்றாள் அத்தை. "அந்த ரொட்டிக்கடைக்காரன் முழியே சரியில்லை."

"சும்மாயிரு. ரெண்டு பேரும் ஒரே பொண்ணை விரும்பறாங்க," என்றாள் அம்மா. "பொண்ணு இன்னும் வரலை."

வாத்தியாரின் விரல் ரொட்டிக்கடைக்காரன் கையில் லேசாகப் பட்டது. பட்டதும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை.

"பிக்பாக்கெட்!" என்று அத்தை கத்தினாள். "வாத்தியார்தான் திருடன்!"

தம்பி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பதற்றம் ஒரு பக்கம். இப்படியே போனால் படம் முடிவதற்குள் போலீஸ் வந்துவிடும். நான் எழுந்து அப்பா கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி, வேகத்தைக் குறைத்து, படத்தை முதலிலிருந்து வைத்தேன்.

வீடே ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தது.

"முதல்லேருந்தா? பாத்ததையே மறுபடியும் பாக்கணுமா?" என்றாள் அத்தை.

"கரண்ட் கம்மியா வருதா? ஏன் எல்லாரும் தூங்கறாங்க?" என்றார் அப்பா.

"இந்தப் படத்தை இப்படித்தான் பாக்கணும். யாராவது ரிமோட்டைத் தொட்டா நான் மனுஷியா இருக்க மாட்டேன்," என்றேன். நான் எப்போது மனுஷியாக இருந்தேன் என்று யாரோ முணுமுணுத்தார்கள். இருந்தாலும் யாரும் தொடவில்லை.

மழை இப்போது மழை மாதிரி பெய்தது. வாத்தியார் குடையை மடக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் அம்மா ஒரு தலையையே வெட்டி முடித்திருப்பாள். அத்தை தன் கோபத்தையெல்லாம் பட்டாணித் தோலில் காட்டினாள். விரல் படும் காட்சி மறுபடி வந்தது. இந்த முறை அந்த விரல் தயங்கியதும், அதன் அருகில் இன்னொரு விரல் அசையாமல் காத்திருந்ததும் எல்லோருக்கும் தெரிந்தது.

"அடடே," என்றாள் அம்மா. "இவங்க ரெண்டு பேரும்தானா?"

"ரெண்டு பேரும்தான் என்ன?" என்றாள் அத்தை.

அம்மா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு திரையையே பார்த்தாள்.

அப்பாவின் கவலை வேறு. ரொட்டிக்கடைக்காரன் வேலை முடிந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டான். வாத்தியார் இன்னும் வரவில்லை. ஒரு பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது. அவன் ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. அதிலும் ஏறவில்லை.

"ஏறுடா!" அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "ஒருத்தன் பிரேக் போட்டு, கதவைத் தொறந்து, உனக்காக நிக்கிறான். ஏறலைன்னா எதுக்குடா ஸ்டாப்புல நிக்கிறே?"

வாத்தியார் வந்தான். இருவரும் மழையைப் பற்றி ஏதோ பேசினார்கள். மறுபடியும் பேருந்து வந்தது. இப்போது இருவருமே ஏறவில்லை. ஓட்டுநர் கதவை மூடிக்கொண்டு போனார். கேமரா அந்த வெறும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பாவிடமிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். படம் பார்க்கிற முகமாக அது இல்லை. ஏதோ தொலைந்து போன சாமான் திடீரென்று கண்ணில் பட்டவர் மாதிரி இருந்தார். அப்பா திட்டினால் எனக்குப் பயமில்லை, பதிலுக்குத் திட்டிவிடுவேன். அவர் பேசாமல் இருந்ததுதான் கதி கலங்க வைத்தது.

இருவரும் நிறுத்தத்துப் பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கப் படம் முடிந்தது.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள் அத்தை. "ஒண்ணுமே நடக்கலையே! நடந்ததெல்லாம் நான் பட்டாணி உரிச்சதுதான்."

"எவ்வளவோ நடந்துச்சு. உனக்குத் தெரியலைன்னா நான் என்ன பண்றது?" அம்மா கண்ணைத் துடைத்தாள். "ரெண்டும் நல்ல புள்ளைங்க. அந்த வாத்தியாருக்கு முடி வெட்டினவனைத்தான் உதைக்கணும்."

"படத்துல எல்லாம் சரிதான். ஆம்பளையும் ஆம்பளையும்னா வெளியில நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றாள் அத்தை.

தம்பி என்னைப் பார்த்தான். வேலைக்குச் சரி என்று சொல்லிவிடப் போகிறான் என்று அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தையின் பட்டாணிக் கூடையைத் தூக்கி வெளியே வீசலாம் போல வந்தது. அதற்குள் அப்பா வாயைத் திறந்தார்.

"கண்ணாடி போட்டுக்கிட்டு நெட்டையா ஒருத்தன் இருப்பானே. அவனா?"

தம்பி தலையை மட்டும் ஆட்டினான்.

"தினம் சாயங்காலம் உங்க க்ளினிக் வாசல்ல வண்டியை நிறுத்தறேன். நீ ஏறாம, போங்கன்னு கையை ஆட்டுவே. பக்கத்துல அவன் நிப்பான்." அப்பா தரையைப் பார்த்துப் பேசினார். "அப்பன் பஸ் ஓட்டறது ஃப்ரெண்டுக்குத் தெரியக் கூடாதுன்னு நினைக்கிறே போலன்னு இருந்தேன். என் வண்டில ஏற உனக்கு வெக்கம்னு நினைச்சேன்."

எனக்குப் பளிச்சென்று உறைத்தது. கொஞ்ச காலமாக அப்பா யூனிஃபார்ம் சட்டையை டிப்போவிலேயே கழற்றி, வேறு சட்டை மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறார். வியர்வை நாற்றம் என்று காரணம் சொன்னார். நாங்களும் நம்பினோம்.

"ஐயோ, அப்பா!" தம்பி எழுந்தே விட்டான். "வெக்கமா? அவனுக்கு வேற ரூட். அவன் பஸ் வர்ற வரைக்கும்தான் நாங்க பேச முடியும். உங்க வண்டில ஏறிட்டா அந்தக் கொஞ்ச நேரமும் போயிடும்ப்பா. அதோ வர்றாரே, அவர்தான் எங்கப்பான்னு முதல் நாளே அவன்கிட்ட சொல்லிட்டேன். நீங்க வர்றதைப் பாத்துத்தான் அவன் வாட்ச்சுல டைம் வெப்பான்."

"என் வண்டியைப் பாத்தா?"

"ரேடியோவைவிட உங்கப்பாதான் கரெக்ட்டும்பான்."

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். முகம் வெளியே வந்தபோது அதில் சிரிப்பு இருந்தது. "ரேடியோவைவிடவா?" என்று மறுபடி கேட்டுக்கொண்டார்.

அம்மா விருட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் உருண்டன. தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. கரண்டியோடு திரும்பி வந்த அம்மா நேராக என்னிடம் வந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல? பெத்தவ நான் கடைசியிலதான் தெரிஞ்சுக்கணுமா?"

திட்டு எனக்கு என்று தெரிந்ததும் வந்த நிம்மதி இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் கன்னத்தைத் தொட்டாள்.

"பயமா இருக்குடா. வெளியில யாராவது உன்னைக் கேவலமா பேசிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"பேசட்டும். அவங்க வீட்டுக்கு நான் போறேன்," என்றேன்.

உண்மையில் பயப்பட வேண்டியது அதற்குத்தான் என்பதில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள். எல்லோரும் சிரித்தோம். அத்தை மட்டும் குனிந்த தலை நிமிராமல், உரித்த பட்டாணியையே மறுபடி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இதெல்லாம் பிடிபடலை," என்றாள் கடைசியில். "முடிவை முதல்ல சொல்லு. பையன் நல்லவனா?"

"நல்லவன் அத்தை."

"அப்போ நாளைக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வா. நேர்லயே பாத்துக்கறேன். இந்தப் படத்தை மட்டும் திரும்பப் போட்டீங்கன்னா நான் வீட்டைக் காலி பண்ணிடுவேன்."

திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து அப்பாவின் வண்டியில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தேன். வண்டி க்ளினிக் வாசலில் நின்றது. நிறுத்தத்தில் தம்பி மட்டும் தனியாக இருந்தான். படிக்கட்டில் ஒரு காலை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அவன் இன்னும் வரலைப்பா. கடையில கடைசி நேரத்துல யாரோ வந்துட்டாங்களாம். நீங்க போங்க, நாங்க அடுத்த வண்டில வந்துடறோம்." பிறகு என்னிடம் திரும்பினான். "அந்த வேலைக்கு வரலைன்னு சொல்லிட்டேன்க்கா."

சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், "வழியை மறைக்காம ஏறு," என்று அதட்டினேன்.

அப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்ப வேண்டிய நேரம் அது. கை கியருக்குப் போயிற்று. பிறகு அங்கிருந்து நகர்ந்து ஹேண்ட்பிரேக்கைப் போட்டது. பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன.

"என்னண்ணே, வண்டி ரிப்பேரா?" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"இல்லை. எங்க வீட்டு ஆள் ஒருத்தர் வரணும்," என்றார் அப்பா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெருமுனையில் நெட்டை தெரிந்தான். பை ஒரு பக்கம் ஆட, கண்ணாடி மூக்கில் இறங்க, தலைதெறிக்க ஓடிவந்தான். ஏறும்போது கதவு மேல்சட்டத்தில் தலையை நன்றாக இடித்துக்கொண்டான். மூச்சு வாங்க அப்பாவைப் பார்த்தான், நிற்கிற வண்டியைப் பார்த்தான், தன் வாட்ச்சைப் பார்த்தான். குழப்பத்தோடு அதன் திருகை இழுத்து முள்ளைப் பின்னால் நகர்த்தத் தொடங்கினான்.

"வாட்ச்சுல கை வைக்காதப்பா. அது சரியாத்தான் ஓடுது," என்றார் அப்பா. "இன்னிக்கு நான்தான் லேட்."