நேற்றைவிடப் பரவாயில்லை

பார்சல் தொலைந்துவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்லவே கூடாது. சின்னவன் வேலை பார்த்த குறைகேட்பு மையத்தில் அதுதான் முதல் பாடம். பார்சல் 'லாங்கர் தேன் யூஷுவல்' எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கத்துகிற ஆளிடம் 'சூனர் ஆர் லேட்டர்' என்று சொன்னால் இன்னும் கத்துவான். 'நோ லேட்டர் தேன் ஃப்ரைடே' என்று சொன்னால் அடங்கிவிடுவான். வெள்ளிக்கிழமை போனை எடுக்கப்போவது வேறு யாரோ.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்த இங்கிலீஷைச் சொல்லிக்கொடுப்பவன் சின்னவன்தான். "இல்லன்னு சொன்னா மாட்டிக்குவ. கம்மின்னு சொல்லு, லேட்டுன்னு சொல்லு, போன வாரத்துக்கு இந்த வாரம் பெட்டர்னு சொல்லு. ஒருத்தனும் உன் சட்டையப் பிடிக்க முடியாது" என்பான். மையத்தில் அவனைப் பெட்டர் வாத்தியார் என்று கூப்பிட்டார்கள். அவனும் சிரித்துக்கொள்வான்.

வீட்டில் அவன் சின்னவன். அவனுக்கு மூத்தவள் ஒரு அக்கா, கடல் தாண்டி ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. முன்பு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது சின்னவன் பதறிப்போய் அவளுக்குப் போன் செய்தான். "அப்பா பொழைக்க மாட்டார்க்கா, உடனே கிளம்பு." போட்டது போட்டபடி ஓடி வந்தாள். அப்பா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காபி கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வேலை போனது. அடுத்த வேலை கிடைப்பதற்குள் அவள் நாய்படாத பாடு பட்டாள். "டேய், இனிமே நல்லாத் தெரிஞ்சா மட்டும் வாயத் திற" என்று சொன்னவள், வெகுநாள் அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகு நிறைய வருஷம் இருந்துவிட்டு, ஒருநாள் தூக்கத்திலேயே அப்பா போய்ச் சேர்ந்தார்.

இப்போது அம்மா. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். கால் வீங்கி, முகம் வீங்கி, பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

அக்கா சாப்பாட்டு இடைவேளையில் தினமும் கூப்பிடுவாள். பின்னால் இயந்திரங்கள் புஸ் புஸ்ஸென்று நீராவி விடும்.

"எப்படிடா இருக்கா?"

"பெட்டர்க்கா. நேத்தைவிடப் பரவாயில்ல."

"நேத்தும் இதத்தானே சொன்ன?"

"ஆமா, அது முந்தாநாளைவிட."

அம்மாவுக்கு இது காதில் விழும். "அந்தப் பெட்டரை ஒரு நாளைக்கு என் கண்ணுல காட்டச் சொல்லுடி உன் தம்பிய" என்று கட்டிலில் இருந்தே குரல் கொடுப்பாள். அக்கா சிரிப்பாள். சிரிக்கிற அம்மாவைச் சாகப்போகிறவளாக யார் நினைப்பார்கள்?

ஒரு காலையில் டாக்டர் சின்னவனை வராண்டாவுக்கு அழைத்துப் போனார். இளவயது டாக்டர். அவன் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த தீயணைப்புக் குழாயைப் பார்த்துப் பேசினார். இனி ஊசி குத்துவதைவிட 'மோர் கம்ஃபர்டபிளா' வைத்துக்கொள்ளலாம் என்றார். பார்க்க வேண்டியவர்கள் யாராவது இருந்தால், 'த சூனர் த பெட்டர்.'

டாக்டர் பேசியது சின்னவனுடைய பாஷை. பார்சல் தொலைந்துவிட்டது என்கிறார். புரியாமல் போக வழியே இல்லை.

அன்று மதியம் அக்கா கூப்பிட்டபோது அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"இங்க ஒரு தடவைதான்டா லீவு தருவேங்கறான். இப்பவே கிளம்பணுமா, மாசக் கடைசியில வந்தாப் போதுமா? ஒரே வார்த்தையில சொல்லு."

'வா' என்றால் போதும். அந்த ஓரெழுத்து அவன் தொண்டை வரை வந்தது. வந்த இடத்தில் அப்பா உட்கார்ந்து காபி கேட்டார்.

"சீக்கிரம் வந்தா பெட்டர்க்கா."

"சீக்கிரம்னா எவ்வளவு சீக்கிரம்? பயப்படற மாதிரியா?"

"அப்படின்னு இல்ல. மூச்சு நேத்தைவிடப் பரவாயில்ல. கொஞ்சம் சோர்வு ஜாஸ்தி."

"இங்க ரெண்டு பேர் வேற வேலைக்கு வரல. மாசக் கடைசின்னா எனக்குச் சௌகரியம்."

"அதுவும் பெட்டர்தான்."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அதற்குப்பின் அம்மாவின் கிண்டல் நின்றுபோனது. வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பினாள். "பெரியவ கிளம்பிட்டாளா?" என்றாள். "வந்துட்டே இருக்காம்மா" என்றான். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் அதையே சொன்னான். அதற்கடுத்த விடியலில் கேட்பதற்கு அவள் இல்லை.

அக்காவுக்கு அவனே போன் செய்தான். "அக்கா, அம்மாவுக்கு நேத்தைவிட..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்து நிறுத்தினான். "அம்மா போயிட்டாங்கக்கா." மறுமுனையில் நீராவிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு விமானம் மாறி அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நேராக வீட்டில் அம்மாவின் அறைக்குப் போய் வெறும் கட்டிலில் உட்கார்ந்தாள். வந்த செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னக் கேட்டாளா?"

கேட்கவில்லை, நினைவே இல்லை, கஷ்டம் குறைவாகத்தான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். வாய் அதற்குத் தயாராகத்தான் இருந்தது.

"கேட்டாங்க. கதவையே பாத்துட்டு இருந்தாங்க."

"டாக்டர் முன்னாடியே சொன்னாரா?"

"சொன்னார்."

"உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

அவள் கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலாம் போலிருந்தது அவனுக்கு. அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. ஓட்டல் மேலாளர். அக்கா அதை அவனிடம் நீட்டினாள். "அவன் பேசற இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். நீ பேசு. உனக்கென்ன, தண்ணி பட்ட பாடு."

மேலாளர் நல்ல மனுஷன். குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்தி ஆறுதல் சொன்னார்.

"என்னவாம்?"

"அம்மா இப்ப... 'பெட்டர் ப்ளேஸ்'ல இருக்காங்களாம். இதவிட நல்ல எடத்துல."

அக்கா அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அலமாரி மேல் மூக்குக்கண்ணாடி, பாதி காலியான தைலப் புட்டி, கொடியில் அம்மாவின் துண்டு.

"ஏன், இங்க இருந்தா என்னவாம்?"

மேலாளர் லைனில் காத்திருந்தார். சின்னவன் போனை அணைத்தான்.

அக்கா எழுந்து, தலைமாட்டில் சுருண்டு கிடந்த விரிப்பை உதறினாள். இருவர் பிடித்து மடிக்க வேண்டிய பெரிய விரிப்பு. சின்னவன் மறுமுனையைப் பிடிக்கக் கை நீட்டினான். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முனையைத் தாடையில் இடுக்கித் தனியாக மடிக்க ஆரம்பித்தாள்.