சூரை பிடிக்கும் கை

மாலத்தீவின் மாலே துறைமுகத்தில் மீனவர் தோன் மணிக் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பார்கள். மீதியையும் கழித்துவிடுபவள் சொந்தத் தீவில் இருக்கும் அவர் மனைவி ஹவ்வா.

தலசீமியா என்ற ரத்த நோய் உள்ள எட்டு வயது மகள் லமீஸாவுக்கு மணிக்கின் ஸ்டெம் செல்லைத்தான் ஏற்றினார்கள். பாதிதான் பொருந்தியது. அவர் விஷயத்தில் பாதி தேறுவதே அதிகம் என்றது ஊர்.

செல் ஏற்றிய முப்பத்தைந்தாம் நாள் லமீஸாவின் உள்ளங்கை சிவந்தது. முப்பது வருடம் தூண்டில் கழியால் சூரை மீனைச் சுண்டிச் சுண்டி, மணிக்கின் உள்ளங்கையும் அதே சிவப்பு. செல்லோடு தன் மீன்காரக் கையும் மகளுக்குப் போய்விட்டது என்று அவர் முடிவு கட்டினார். போனில் படம் எடுத்துத் தேநீர்க் கடையில் காட்டினார்.

"அடுத்த மாசம் தனியா தோணி எடுப்பா."

"கழியை யார் தூக்குறது, மணிக்?"

"அவளைப் பார்த்தா கழி தானா எழுந்துக்கும்."

அதிலிருந்து நாலாம் நாள் காதுமடலும் பாதமும் சிவந்து, செருப்புப் போட முடியாமல் பிள்ளை அழுதாள். பாதத்தால் மீன் பிடிக்கும் வழக்கம் அவருக்கே இல்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"எப்போ ஆரம்பிச்சது?" என்றார் டாக்டர் நிஷ்மா. "இன்னிக்குன்னா களிம்பு போட்டுப் பார்க்கலாம். நாள் கணக்காப் பரவுதுன்னா இப்பவே சேர்த்து மருந்து ஏத்தணும்."

இன்று காலை என்ற பதில் மணிக்கின் நாக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது. அதை விழுங்கினார். சூரை முள்ளை விழுங்கியதுபோல் இருந்தது.

"நாலு நாள் ஆச்சு. மீன்காரன் கை வந்துடுச்சுன்னு ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்."

திமிங்கிலத்தை நங்கூரக் கயிற்றால் கட்டிய கதையைப் போன வாரம்தான் அவர் சொல்லக் கேட்டிருந்தார் டாக்டர். சந்தேகமாகப் பார்த்தார்.

"நிஜம்தான் டாக்டர்," என்றாள் லமீஸா. "இது மட்டும்."

மருந்து ஏறத் தொடங்கியதும் டாக்டர் விளக்கினார். "உங்க செல்லு, பாப்பா தோலை அந்நியம்னு நினைச்சு அடிக்குது."

"என்னுதுதானே. போன இடத்துல வம்பு பண்ணலைன்னாதான் நீங்க சந்தேகப்படணும்."

மருந்து ஏற்றிய ஒன்பதாம் நாள் சிவப்பு வெளுத்து, தோல் மெல்லியதாக உரிந்தது. மணிக் ஹவ்வாவைப் போனில் கூப்பிட்டார்.

"சிவப்பு போயிடுச்சு."

"போனைப் பிள்ளைகிட்டக் கொடுங்க."

லமீஸா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போயிடுச்சும்மா. இப்போ இது என் கைதான்."

மணிக் தன் சிவந்த கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.