மூக்கு மட்டும் அரித்தது

சிசேரியன் முடிந்து வார்டுக்கு வந்தபின் நர்ஸ் கால் விரல்களை ஆட்டச் சொன்னார். ஆடின. அவ்வளவுதான், இனி வலி வந்துவிடும் என்று கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள் அவள். மூத்தவளுக்கு வயிற்றைக் கிழித்தபோதும் அப்படித்தான். மரத்த இடுப்பு விழித்ததும் உயிரே போனது. பக்கத்துத் தொட்டிலில் பிள்ளை வீல் வீலென்று கத்த, ஒருக்களிக்கக்கூட முடியவில்லை. நாத்தனார் தூக்கினாள், பவுடர் பாலைக் கரைத்துப் புகட்டினாள். பெற்றவள் கூரையைப் பார்த்துக் கிடந்தாள். தையல் ஆறியும் அந்த ஆதங்கம் ஆறவில்லை.

அதனால்தான் இந்த முறை மயக்க மருந்து டாக்டரம்மாவிடம் வெட்கத்தை விட்டுச் சொல்லியிருந்தாள். "பசிச்சு அழுதா நானே தூக்கணும் டாக்டர்." முதுகில் போடும் ஊசியில் துளி மார்ஃபினும் சேர்ப்பேன், நாளை வரை வலி அடங்கியிருக்கும் என்றார் அவர். சொல்வதற்கென்ன, எல்லாரும்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வலி வரவில்லை. அரிப்பு வந்தது! முதலில் மூக்கு நுனி, அப்புறம் கன்னம். தலையணையில் தேய்த்துப் பார்த்தாள். யாராவது கவனித்தால் போச்சு. மருந்தை நிறுத்திவிடுவார்கள். ஏதோ தொற்று என்று பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். மறுபடியும் பவுடர் பால்தான்.

"என்ன அண்ணி, மூக்கப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?" என்றாள் துணைக்கு இருந்த நாத்தனார்.

"வாயத் திறந்தே, கொன்னுடுவேன்."

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல டாக்டர்."

"மூக்கு அரிக்குதா?"

"இல்லவே இல்ல" என்று வாய் சொல்லும்போதே கை மூக்குக்குப் போய்விட்டது. பாழாய்ப்போன கை!

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அந்த மருந்தோட சேட்டைதான் அது. நிறைய பேருக்கு வரும். தாங்க முடியலன்னா சொல்லு, அதுக்கும் மருந்து இருக்கு."

"அப்ப நிறுத்திட மாட்டீங்களே?"

"முதுகுல போட்டத உறிஞ்சியா எடுக்க முடியும்? நிம்மதியா இரு."

அப்பாடா என்றிருந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. அவர் போன கையோடு பிள்ளை சிணுங்கியது. நாத்தனார் பழக்கதோஷத்தில் கை நீட்டினாள்.

"தொடாத."

மெல்ல ஒருக்களித்தாள். தையல் லேசாகச் சுருக்கென்றது, அவ்வளவுதான். பிள்ளையின் தலைக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை. தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். தேடித் தேடிப் பிள்ளை வாய் வைத்தது. இரண்டு கையும் அங்கேயே இருக்க, மூக்கு மறுபடி அரித்தது.

"நான் ஏதாவது செய்யட்டுமா அண்ணி?"

"புள்ளைய நான் பாத்துக்கறேன். நீ மூக்கப் பாரு."

நாத்தனார் குனிந்து ஒற்றை விரலால் சொறிந்துவிட்டாள். பெற்றவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றாள்.