ஜெயக்கொடியின் வண்டிச் சத்தம்

ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு ஜெயக்கொடி வீடு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. வாசலில் புருஷன் பிரிட்டோவின் செருப்பு, மகளின் செருப்பு. உள்ளே யாரும் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு பிரிட்டோவுக்குப் போன் போட்டாள். கட்டில்மேல் அடித்தது.

எதிர்வீட்டு ஜான்சியும் சபைக்காரிதான். அங்கே டிவி ஓடியது. ஆள் இல்லை.

இரகசிய வருகை. ஆண்டவர் ஒரு நொடியில் தம்முடையவர்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார், மற்றவர்கள் கிடந்த இடத்தில் கிடப்பார்கள் என்று எட்டு வருஷமாகச் சபையில் கேட்டிருக்கிறாள்.

பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் கொட்டாவி விட்டபடி வெளியே வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம்.

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"எங்க வூட்டு ஆளுங்களப் பாத்தியாக்கா?"

"நானே இப்பத்தான் தூங்கி எந்திரிச்சேன். உங்காளுங்க ஒருத்தரையும் காணோம்."

தன்னை மட்டும் விட்டுப்போன காரணம் ஜெயக்கொடிக்குத் தெரியும். போன மாதம் படப்பையில் அம்மா செத்தாள். ஞானஸ்நானம் எடுத்தவள் சடங்கில் கை வைக்கக் கூடாது. ஓரமாகத்தான் நின்றாள். "பெத்தவளுக்கு ஒரு பிடி அரிசி போட மாட்டியா?" என்றான் அண்ணன் லோகநாதன். அம்மாவின் வாயில் அரிசி போட்டாள். பிரிட்டோவிடம்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஜெபம் வரவில்லை. வாயைத் திறந்தால் அந்த அரிசிதான் ஞாபகம் வந்தது.

பாஸ்டர் சம்சாரம் ரோஸி பின்தெருவில் இருந்தாள். வருகை என்றால் முதலில் போகிறவள் அவள். அவள் இருந்தால் ஒன்றுமில்லை. இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது. வேலைக்குப் போய்வரும் பழைய வண்டியை உதைத்தாள். எப்போதும்போல நாலாவது உதைக்குத்தான் கிளம்பியது.

ரோஸி மாடியில் வடகம் அள்ளிக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடி படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"நீங்க இருக்கீங்கக்கா."

"நான் எங்க போவேன்? தெருமுனைல தண்ணி லாரி வந்திருக்கு. பிரிட்டோ, உன் மக, ஜான்சி, எங்க பாஸ்டர், எல்லாரும் குடத்தோட அங்கதான்."

"செருப்பு வாசல்லயே கெடந்துச்சு…"

"லாரி வந்தா செருப்பையா தேடுவாங்க?"

ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். நாளைக்கு? அரிசி போட்டதைச் சொன்னாள். "எனக்குப் பரலோகத்துல இடம் இருக்கா இல்லையாக்கா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

ரோஸி அள்ளிய வடகத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் அந்தப் பயம் உண்டு. பாஸ்டர்ட்டகூடச் சொன்னதில்ல. காலைல முழிச்சதும் அசையாம படுத்திருப்பேன். அஞ்சரைக்கு உன் வண்டிய உதைக்கிற சத்தம் கேக்கும். அப்புறந்தான் எந்திரிப்பேன்."

"என் வண்டியா?"

"ஜெயக்கொடி வேலைக்குக் கெளம்புறா, அப்ப ஆண்டவர் இன்னும் வரல. அவளை விட்டுட்டா போவாரு?"

"அரிசி போட்டது தெரியாம நெனச்சீங்க."

"இப்பத் தெரியும். நாளைக்கும் கேட்டுட்டுத்தான் எந்திரிப்பேன்."

மறுநாள் அஞ்சரைக்கு வண்டி முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. ஜெயக்கொடி ஒரு கணம் நின்றாள். வண்டியை அணைத்துவிட்டு, பின்தெருவுக்குக் கேட்கும்படி மறுபடி உதைத்தாள்.