நாங்க இருப்போம்னு சொன்ன டீச்சர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு கதைப் புத்தகம் போடுகிறோம், நீங்களும் ஒன்று தாருங்கள் என்று கேட்டார்கள். கூடவே ஒரு குறிப்பு. கதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிய வேண்டும். தாங்குதிறன் என்றால் என்னவென்று கதையிலேயே விளங்க வேண்டும். முடிவு நம்பிக்கை தர வேண்டும். இந்தக் கடைசி வரிக்கு அடியில் கோடு வேறு.

சரி என்றுவிட்டேன். என்னிடம் ஒரு கதை இருந்தது. கோவை பீளமேட்டில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஆடிப்பெருக்கு அன்று மதியம் இரண்டரை மணிக்கு அது எனக்குக் கிடைத்தது. கிடைத்த விதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

2

தொடங்கிப் பார்த்தவை:

[பவானியில் காவிரி கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது... வேண்டாம். ஆற்றை வைத்துக் கதை எழுதுகிற எல்லாரும் ஆற்றில்தான் இறங்குகிறார்கள்.]

[ஹரிதா என்றொரு தைரியமான சிறுமி இருந்தாள்... வேண்டவே வேண்டாம். முதல் வரியிலேயே தைரியசாலி ஆக்கிவிட்டால் பாவம், அந்தப் பிள்ளை அப்புறம் அழவே முடியாது.]

[பையில் என்னென்ன இருந்தன என்றால்...] இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

பையில் என்னென்ன இருந்தன என்றால், பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ரேஷன் கார்டு, ஆதார் அட்டைகள், ஒரு டார்ச் லைட், இரண்டு பாட்டில் தண்ணீர், நான்கு பாக்கெட் பிஸ்கட், மூன்று வயதுத் தம்பி கிருபாசங்கருக்கு ஒரு மாற்றுச் சட்டை. வெள்ளம் வந்தால் கையோடு எடுத்துவர வேண்டியவை என்று ஜெனிதா டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டதில் ஹரிதா ஒன்றைக்கூட விடவில்லை.

ஜெனிதா என் நாத்தனார். பவானியில் ஒரு மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. மேட்டூர் அணை நிரம்பி உபரி நீரைத் திறந்தால் அங்கே கரையோரத் தெருக்களுக்குள் ஆறு வந்துவிடும். எந்த வருடம் வரும், எவ்வளவு வரும் என்று இப்போதெல்லாம் யாராலும் சொல்ல முடிவதில்லை. ஜெனிதாவின் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் அந்தத் தெருக்களிலிருந்து வருகிறவர்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தாலே அவர்கள் பாடத்தைக் கவனிக்காமல் ஜன்னலைப் பார்ப்பார்கள். அவர்களுக்காகத்தான் அவள் வெள்ள முன்னெச்சரிக்கை பற்றிய இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்க் கையேடு வாங்கிவந்தாள்.

3

இனிமேல் ஜெனிதாவின் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். அவள் மனது எனக்குத் தெரியும்.

பாடம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆட்டோவில் மைக் கட்டி எச்சரிக்கை சொல்வார்கள், கேட்டவுடன் பையை எடுக்க வேண்டும், மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். இரண்டு முறை நடித்தும் பார்த்தாயிற்று. அப்போது ஹரிதா எழுந்து நின்றாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அம்மா பிரவீனா பெட்ஷீட் குடோனில் வேலை செய்கிறவள்.

“டீச்சர், அப்ப அம்மா ஊட்ல இல்லாட்டி என்னங்க பண்றது?”

“அம்மா வரட்டும்னு காத்துட்டு நிக்கக் கூடாது கண்ணு. தம்பியக் கூட்டிக்கிட்டு நேரா இங்க வந்துரு. நாங்க இருப்போம்.”

முதல் இரண்டு வாக்கியங்களும் கையேட்டில் உள்ளவை. மூன்றாவது ஜெனிதாவே சேர்த்துக்கொண்டது. அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும் வாயில் தானாக வந்துவிட்டது. ஹரிதாவின் தோள் இறங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள். பஸ் ஏறி வீட்டுக்குப் போகிற வரைக்கும் ஜெனிதாவுக்கு மனது நிறைந்திருந்தது. பதினான்கு வருட வேலையில் இதுதான் நான் எடுத்த நல்ல பாடம் என்று அன்றைக்கு என்னிடம் போனில் சொன்னாள்.

(ஓரத்தில் ஒரு குறிப்பு: தாங்குதிறன் என்ற சொல்லை நான் முன்பெல்லாம் பாலத்துக்கும் தூணுக்கும்தான் கேட்டிருக்கிறேன். எவ்வளவு பாரம் வைத்தால் உடையாது என்று பார்ப்பது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லும்போது, பாரத்தை வைத்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. கதைக்குள் கேட்டால் வெட்டிவிடுவார்கள், அதனால் இங்கே கேட்டுக்கொள்கிறேன்.)

4

அந்த ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் தண்ணீர் மிக அதிகம். பெருகி வருகிற ஆற்றைக் கும்பிடுகிற நாளில் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று கயிறு கட்டிவிட்டார்கள். தாலிக் கயிறு மாற்ற வேண்டிய பெண்களெல்லாம் தெருக்கோடி அம்மன் கோயிலுக்குத் தட்டோடு போனார்கள். பிரவீனாவும் போனாள்.

“அம்மணி, தம்பியப் பாத்துக்க. வெரசா வந்தர்றேன்.”

அவள் போன கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வந்தது. கரையோரத்தில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போகச் சொல்லி மைக் கத்திக்கொண்டு போனது. ஹரிதா அம்மாவுக்காகக் காத்து நிற்கவில்லை. பையை முதுகில் மாட்டினாள், தம்பியை இடுப்பில் தூக்கினாள், கதவைச் சாத்திவிட்டு நடந்தாள். ஒரு கிலோமீட்டர் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து.

கேட் பூட்டியிருந்தது.

ஆடிப்பெருக்குக்கு உள்ளூர் விடுமுறை. வாட்ச்மேன் மாரப்பன் சாவியை மடியில் வைத்துக்கொண்டு சென்னிமலையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளை இங்கே வரச் சொல்லியிருக்கிறோம் என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. கையேட்டில் பள்ளிக்கூடம் ஒரு கட்டம், அதை நோக்கி ஓர் அம்புக்குறி. ஆற்றில் தண்ணீர் ஏறுகிற நாளும் பள்ளிக்கு லீவு விடுகிற நாளும் ஒன்றாக இருக்கும் என்று இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

5

இந்த இடத்தில் கதையைப் படித்துப் பார்த்த புத்தகக் குழுவினர் ஓரத்தில் எழுதியிருந்தார்கள்: ‘பத்து வயதுக் குழந்தை பூட்டிய கேட் முன்பு நான்கு மணி நேரம் உட்காருமா? நம்பும்படி இல்லை.’

நியாயம்தான். எனக்கும் சந்தேகம் வந்தது. ஹரிதாவை எழுந்து வீட்டுக்குத் திரும்ப வைத்து ஒரு பக்கம் எழுதினேன், அடித்தேன். கடைசியில் ஹரிதாவிடமே கேட்கும்படி ஜெனிதாவிடம் சொன்னேன். ஹரிதா சொன்ன பதில் இது:

“டீச்சர் சாப்பிடப் போயிருப்பாங்க, வந்து தெறப்பாங்கன்னு நெனச்சேன்ங்க.”

இப்போது என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் சாப்பிடத்தான் போயிருந்தாள். கிறிஸ்தவக் குடும்பமான எங்களுக்கு ஆடிப்பெருக்கு வெறும் லீவு நாள். ஜெனிதா காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் போதும் அண்ணி, போதும் அண்ணி என்று கையை வைத்து மறைக்க, நான் இன்னொரு கரண்டி பிரியாணியைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஹரிதா கடைசி பாக்கெட் பிஸ்கட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, வெயில் நகர நகரச் சுவர் நிழலோடு அவனையும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

பிரவீனா என்ன ஆனாள் என்று நினைக்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் பிள்ளைகள் இல்லை, தெருமுனையில் ஆறு. கரை நெடுக ஓடினாள். போலீஸ்காரர்களிடம் அழுதாள். பூஜைக்கு வந்த பெண்களெல்லாம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுச் செங்கோட்டையன் மொபெட்டில் தேடிப்போனவர் பள்ளிக்கூட கேட்டில் இரண்டு பேரையும் பார்த்தார். பிரவீனா வந்து ஹரிதாவை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். பிறகு ரோட்டிலேயே உட்கார்ந்து இருவரையும் கட்டிக்கொண்டாள்.

ஹரிதா அப்போதுதான் அழுதாள். நான் முதலிலேயே அவளைத் தைரியசாலி ஆக்காதது நல்லதாகப் போயிற்று.

இரண்டரைக்குத் தலைமை ஆசிரியை ஜெனிதாவுக்குப் போன் செய்தார். ஜெனிதா எச்சில் கையோடு எழுந்து நின்றாள்.

6

நம்பிக்கை தரும் முடிவுகள், எழுதிப் பார்த்தவை:

அ. வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது, ஹரிதா பாடத்தைக் கேட்டதால் தம்பி பிழைத்தான். (குழுவுக்குப் பிடிக்கும். ஆனால் அன்றைக்குத் தண்ணீர் தெருமுனைப் படித்துறையின் மேல்படியோடு நின்றுவிட்டது.)

ஆ. சுதந்திர தினத்தன்று ஹரிதாவுக்கு மேடையில் பரிசு கொடுத்து [யார் கொடுப்பது? கேட்டைப் பூட்டியவர்களா?]

7

நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த வாரம் ஜெனிதா அந்த வீட்டுக்குப் போனாள். முதுகுப்பை ஆணியில் காலியாகத் தொங்கியது. அட்டைகள் பீரோவுக்குப் போய்விட்டன. மாற்றுச் சட்டையைத் தம்பி போட்டிருந்தான். பிரவீனா டீ கொடுத்தாள்.

“உங்க மேல கோவம் இல்லீங்க டீச்சர். புள்ளைக்கு நல்லது நெனச்சுத்தான் சொன்னீங்க. ஆனா இருக்க முடியாட்டி இருப்போம்னு சொல்லிப்போடாதீங்க.”

ஜெனிதா தலையைக் குனிந்துகொண்டாள். ஹரிதா கதவோரமாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“அடுத்த தடவ தண்ணி வந்தா, ஸ்கூல் தெறந்திருக்குங்களா டீச்சர்?”

ஆமாம் என்றால் அது இன்னொரு பொய்யாகிவிடலாம். இல்லை என்றால், நிஜமாகவே தண்ணீர் வருகிற நாளில் இந்தப் பிள்ளை வீட்டைவிட்டு நகராது. ஜெனிதா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

“தெரியல கண்ணு.”

ஹரிதா கோபப்படவில்லை.

“அப்பக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க.”

8

ஜெனிதா கேட்டுக்கொண்டிருக்கிறாள். தலைமை ஆசிரியை நிர்வாகத்தைக் கேட்க வேண்டும் என்றார். நிர்வாகம், அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் வரட்டும் என்றது. அலுவலகத்தில், உங்கள் பள்ளி வெள்ள நிவாரண முகாம் பட்டியலில்தான் இருக்கிறது, சாவி உங்களிடம்தானே என்றார்கள். மாரப்பன் ஒருவர்தான் நேராகப் பேசினார்: “ஒரு வார்த்த சொல்லியிருந்தா சாவியக் குடுத்துப்போட்டுப் போயிருப்பேனுங்க. யார்கிட்டக் குடுக்கறதுன்னு மட்டும் பெரியவங்க சொல்லட்டும்.” பெரியவர்கள் இன்னும் சொல்லவில்லை.

ஹரிதா இப்போது அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. தினமும் காலைப் பிரேயர் முடிந்து வரிசை கலையும்போது ஜெனிதாவை ஒருமுறை பார்க்கிறாள். ஒன்றும் கேட்பதில்லை. ஜெனிதாவும் இன்னும் இல்லை என்று தலையசைக்கிறாள். குழு கேட்ட நம்பிக்கை என்னிடம் அவ்வளவுதான் இருக்கிறது: அவள் இன்னும் பார்க்கிறாள். அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு அள்ளிக் கொஞ்ச வேண்டும் போலவும் இருக்கிறது, அவள் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது.

அடுத்த ஆடிப்பெருக்குக்குப் பத்தொன்பது நாள் இருக்கிறது. என்னால் இதை முடிக்க முடியவில்லை. நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், கோயில் நிர்வாகியாகவோ கல்யாண மண்டபக்காரராகவோ அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவராகவோ இருக்கலாம். கடைசி வரியை உங்களுக்கு விட்டுவைக்கிறேன்:

ஹரிதா, அடுத்த தடவை நீ தம்பியைத் தூக்கிக்கொண்டு வரும்போது ..............................

எழுதுவதற்கு முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதுவதை நம்பி அவள் நடந்து வருவாள்.