இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை

1958 ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. சண்முகவள்ளி எந்த ஊரில் டாக்டருக்குப் படிப்பது என்று பதினோரு மணி பஸ் வருவதற்குள் அய்யனார் சொல்லியாக வேண்டும். அந்த பஸ்ஸைப் பிடித்தால்தான் சாயல்குடி தபாலாபீஸில் தந்தி கொடுக்கலாம். இன்றைக்குத் தந்தி போகாவிட்டால் கிடைத்த இரண்டு இடமும் போச்சு.

ஒன்று மெட்ராஸ். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய பெயர், பெரிய செலவு. அவள் அய்யா செல்லச்சாமி உழவு மாட்டு ஜோடியை விற்றால் முதல் வருஷம் கழியும். இரண்டாம் வருஷத்துக்கு விற்க வீட்டில் மிச்சமிருப்பது நாய்தான்.

இன்னொன்று மதுரை. அங்கே தாய்மாமன் கூத்தையாவுக்கு இரும்புக் கடையும் மாடி வீடும் இருந்தன.

"எட்டு ரூமு! அதுல நாலுல எலிதான் குடியிருக்கு. எம் மருமக வந்து இருந்துட்டுப் போறா, எனக்கென்ன செலவு?" நேற்று பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மாமா இதைப் பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது.

எலிகளோடு அந்த வீட்டில் அவர் மகன் பால்சாமியும் குடியிருந்தான். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் தோற்றவன். சண்முகவள்ளிக்கு முறைமாப்பிள்ளை. அஞ்சு வருஷம் மாமன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஆறாவது வருஷம் "கல்யாணம் வேண்டாம்" என்று சொல்ல எந்தப் பெண்ணால் முடியும்? சோறு சும்மா, மாப்பிள்ளை கட்டாயம்.

மதுரைக் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தின் அடியில், பெண்கள் விடுதி வேண்டுவோர் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. நேற்று அதை மெல்ல வாசித்துப் பார்த்தாள். ஆத்தா சோணையம்மாள் கையில் அகப்பையோடு பாய்ந்து வந்தாள்.

"தாய்மாமன் வீடு குத்துக்கல்லாட்டம் இருக்கயில ஆஸ்டலா? ஊரு காறித் துப்பும்டி! எங்கண்ணன் அப்புறம் இந்த வாசல மிதிக்குமா?"

அண்ணன் அதற்குள் முகத்தை மூன்று முழத்துக்குத் தொங்கப் போட்டுவிட்டார். விடுதிப் பேச்சு அதோடு சரி.

செல்லச்சாமிக்கு மச்சானையும் பகைக்க முடியவில்லை, மகளையும் வாட விட முடியவில்லை. "பூக்கட்டிக் கேட்டுருவோம்" என்றார். சிவப்பு அரளி என்றால் மெட்ராஸ். வெள்ளை நந்தியாவட்டை என்றால் மதுரை. பூவரச இலையில் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அய்யனார் முன்னால் போட வேண்டியது. பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். அதுதான் தீர்ப்பு.

பொட்டலம் கட்டும் வேலை சண்முகவள்ளிக்கு வந்தது. கட்டினாள். இரண்டிலும் சிவப்பு.

'சாமிக்கு எதுக்குச் சிரமம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தட்டை மாமா வாங்கிக்கொண்டார். "நான் ஏந்திட்டு வாரேன் மருமகளே, நீ நெழல்ல நட." கண்மாய்க்கரை நெடுக என்ன பக்தி, என்ன நிதானம்!

கோயிலில் பூசாரி முனியசாமி திருநீற்றை அள்ளிப் பூசினார், கண்ணை மூடினார், ஒரு பொட்டலத்தை எடுத்தார். நாரை அவிழ்த்தார்.

வெள்ளை!

சண்முகவள்ளி பொட்டலத்தை எட்டிப் பார்த்தாள். அவள் வெள்ளைப் பூவே வைக்கவில்லையே! யாரோ மாற்றியிருக்கிறார்கள். யாரென்று கேட்கவும் வேண்டுமா? ஆனால் வாயைத் திறந்தால், "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். திருடனைக் காட்டிக்கொடுக்கத் திருடியால் முடியாது. பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி. பால்சாமி தலையை வாரிக்கொண்டு நெருங்கி வருவது அவள் மனக்கண்ணில் தெரிந்தது.

கூத்தையா அதோடு சும்மா இருந்திருக்கலாம். அவருக்கு நன்றி பொங்கிவிட்டது.

"அய்யனாரப்பா! ஏழைக்கு எரங்குன தெய்வமே!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவர் விழுந்த வேகத்தில் ஜிப்பாப் பையிலிருந்து இரண்டு பொட்டலங்கள் துள்ளி உருண்டு செல்லச்சாமியின் காலடியில் போய் நின்றன.

செல்லச்சாமி குனிந்து எடுத்தார். பிரித்தார். சிவப்பு. அடுத்ததைப் பிரித்தார். அதுவும் சிவப்பு.

பூசாரி தட்டில் மிச்சமிருந்ததைப் பிரித்தார். வெள்ளை.

"நாலு பொட்டலம், ரெண்டு திருட்டு" என்றார் பூசாரி. "அய்யனாரு என்ன, சீட்டாடவா குதிரையில ஏறி உக்காந்திருக்காரு?"

மாமா படுத்தபடியே தலையை மட்டும் தூக்கினார். "மச்சான், அந்தச் செவப்பு ரெண்டும் நான் கட்டுனதில்ல. சத்தியமா!"

"நான்தான்யா" என்றாள் சண்முகவள்ளி.

ஆத்தா மாரில் அடித்துக்கொண்டாள். அய்யா மகளைப் பார்த்தார். "ஏத்தா, அம்புட்டு ஆசையா மெட்ராசு மேல? சொல்லு. மாட்ட வித்துருவோம்."

கேலி இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே விற்பார்.

அவள் முதல் தடவையாக நேர்மையாகக் கணக்குப் போட்டாள். மதுரையிலிருந்து பால்சாமியைக் கழித்தாள். சட்டென்று மதுரை அழகாகிவிட்டது. அங்கேயும் பெரிய ஆஸ்பத்திரிதான், அதே பாடம்தான், அதே பட்டம்தான். பண்டிகைக்கு வந்து போகலாம். மாடும் வீட்டில் நிற்கும்.

"மதுரை போதும்யா. ஆனா ஆஸ்டல்ல."

"அடி, ஒங்க மாமா என்ன நெனப்பாக..." என்று ஆரம்பித்த சோணையம்மாள், மண்ணில் கிடந்த அண்ணனைப் பார்த்தாள்.

"மச்சான் ஒண்ணும் நெனக்க மாட்டாக" என்றார் செல்லச்சாமி. "சாமி முன்னால பொட்டலம் மாத்துன வீட்டுல பொண்ண விட்டா, அய்யனாருக்குல்ல கோவம் வரும்? என்ன மச்சான்?"

மாமா ஜிப்பாவில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார். "அதுவும் சரிதான்" என்றார்.

"இந்தப் புள்ளைக்கும் தெண்டம் உண்டு" என்றார் பூசாரி. "டாக்டராயி வந்து எம் முழங்கால ஓசியில பாக்கணும்."

பஸ் கிடைத்தது. தபாலாபீஸ் குமாஸ்தா சதக்கத்துல்லா தந்தி எழுத்துகளைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். 'மதுரை சம்மதம். விடுதி தேவை.' நிமிர்ந்தார்.

"விடுதியா? என்ன கூத்தையாண்ணே, எட்டு ரூமு சும்மா கெடக்குன்னு போன தடவ சொன்னீக?"

மாமா மருமகளைப் பார்த்தார். மருமகள் கூரையைப் பார்த்தாள்.

"வீட்டுல எடமில்ல பாய்" என்றார் கூத்தையா. "எலித் தொல்ல தாங்க முடியல."